மேடையை விட்டுப் பாட்டு வகுப்புக்கு: முசிறி செய்ததை இன்றைக்குச் செய்யலாமா?

கட்டை_ஐந்தரை எழுதியது:

ரொம்ப நாளாக இங்கே வாசிப்பதோடு சரி, எழுதியதில்லை. இப்போது ஒரு குழப்பம், அதனால்தான் வந்தேன்.

வயது 41. பதினேழு வயதில் முதல் கச்சேரி. இத்தனை வருடத்துக்குப் பிறகும் டிசம்பர் சபா சீசனில் எனக்குக் கிடைப்பது மதியம் பன்னிரண்டு மணி, ரொம்பப் பெரிய மனது வைத்தால் இரண்டே முக்கால். முன் வரிசையில் பத்துப் பேர், அதில் நாலு பேர் கேன்டீன் திறக்கக் காத்திருப்பவர்கள். வயலினுக்கும் மிருதங்கத்துக்கும் கொடுத்தது போகக் கையில் மிஞ்சுவது ஆட்டோ காசு, சில சமயம் அதுவும் இல்லை. இதையெல்லாம் புலம்பலாகச் சொல்லவில்லை, எல்லோருக்கும் இதே கதைதான்.

விஷயம் வேறு. இரண்டு வருடத்துக்கு முன் தொண்டை கட்டியது, ஆறு வாரம் ஆகியும் விடவில்லை. டாக்டர் குழாய் விட்டுப் பார்த்துவிட்டுக் குரல் நாணில் சின்ன முடிச்சு என்றார். பேசாமல் இருந்து, அவர் சொன்ன பயிற்சியெல்லாம் செய்து, அது கரைந்துவிட்டது. ஆனால் அதற்குப் பிறகு மேல் பஞ்சமத்தை, உச்சத்தில் இருக்கும் அந்த ‘ப’ ஸ்வரத்தைத் தொடப் போகும்போதெல்லாம் உள்ளே ஒருவர் உட்கார்ந்துகொண்டு “ஜாக்கிரதை” என்கிறார். அவர் கச்சேரி முழுக்க எழுந்து போவதே இல்லை.

வீட்டில் நாலு குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுத்தேன், அது பதினொன்றாகிவிட்டது. ஒரு பள்ளியில் முழுநேர இசை ஆசிரியர் வேலையும் கேட்கிறார்கள். கச்சேரியை நிறுத்திவிட்டு இதிலேயே இறங்கிவிடலாமா என்று பார்க்கிறேன். என் குருவிடம் சொன்னபோது ஒன்றும் பேசவில்லை, காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு “இன்னும் பத்து வருஷம் பாடலாமே” என்றார். முசிறி சுப்பிரமணிய ஐயரும் இப்படித்தானே செய்தார் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொள்கிறேன். அது சரியான ஒப்பீடா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

---

மாம்பலம்_பெஞ்சு எழுதியது:

மேடம், ஒப்பீடு பாதி சரி.

முசிறி 1899-இல் பிறந்தவர், திருச்சிப் பக்கம். டி. எஸ். சபேச ஐயரிடம் பாடம். 1930களில் அவர் கொடிகட்டிப் பறந்ததைப் பற்றிப் பழைய ஆட்கள் பேசினால் நிறுத்தவே மாட்டார்கள். ‘நகுமோமு’ இசைத்தட்டு வீடு வீடாக ஓடியது, 1938-இல் ‘துக்காராம்’ படத்தில் அவரே துக்காராம், 1939-இல் மியூசிக் அகாடமி மாநாட்டுத் தலைமை. நாற்பது வயதில் ஒரு பாடகருக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்? அப்புறம் நாற்பதுகளின் நடுவில் உடம்பு ஒத்துழைக்காமல் கச்சேரியை விட்டார். 1949-இல் சென்னை அரசாங்கம் கர்நாடக இசைக்கு ஒரு மத்தியக் கல்லூரி ஆரம்பித்தபோது முதல் முதல்வர் அவர்தான். அந்தக் கல்லூரிதான் இன்றைக்கு அடையாற்றங்கரையில், பழைய பிராடி கேசிலில் இருக்கும் அரசு இசைக் கல்லூரி, இப்போது பல்கலைக்கழகமும் அங்கேதான்.

ஆக, அவர் உச்சியில் இருந்து இறங்கி வந்தார். பெயர் ஏற்கெனவே இருந்தது. மாணவர்கள் அவரைத் தேடி வந்தார்கள். நீங்களும் நானும் ‘மதியம் பன்னிரண்டு’ ஆட்கள். (நான் வயலின். இரண்டாம் வரிசை கூட இல்லை, அதற்கும் பின்னால்.) முசிறி விட்டது வேறு, நாம் விடுவது வேறு.

ஆனால் மீதிப் பாதி உங்கள் பக்கம். மேடையில் இருந்த வருடங்களைவிட அவர் வகுப்பில் இருந்த வருடங்கள்தான் அதிகம். டி. கே. கோவிந்த ராவ், மணி கிருஷ்ணசுவாமி, சுகுணா புருஷோத்தமன், சுகுணா வரதாச்சாரி என்று வந்தவர்களைப் பாருங்கள். இதில் ஒவ்வொருவரும் பாடியதோடு நிற்கவில்லை, அவர்களும் ஆளை உண்டாக்கினார்கள். முசிறி பாடிய இசைத்தட்டுகளை எண்ணினால் ஒரு பீரோவுக்குள் அடங்கிவிடும். அவருடைய நிரவல், அதாவது ஒரே வரியை விதவிதமாக விரித்துப் பாடுவது, இன்றைக்கும் யாரோ ஒருவர் வாயில் இருக்கிறது என்றால் அது அந்தத் தட்டுகளால் மட்டும் வந்ததில்லை.

---

தெப்பக்குளம் எழுதியது:

ஒரு சின்னச் சேர்க்கை, சண்டைக்கு இல்லை. 1939-இல் அவர் தலைமை வகித்தது சரி, ஆனால் தலைமை வகிப்பவருக்கு அகாடமி கொடுக்கும் சங்கீத கலாநிதி என்ற பட்டமே 1942-இல்தான் வந்தது. முன்பு தலைமை வகித்தவர்களுக்கும் பின்னால் சேர்த்துக் கொடுத்தார்கள். அதனால் பட்டியலில் அவர் பெயருக்கு நேரே 1939 இருக்கும்.

---

விலகிநில் எழுதியது:

எல்லோரும் ரொம்ப இனிமையாகப் பேசுகிறீர்கள், நான் கசப்பாக ஒன்று சொல்கிறேன். பாட வராதவர்கள்தான் சொல்லிக்கொடுக்கப் போகிறார்கள். நம் ஊரில் தெருவுக்கு மூன்று பாட்டு வகுப்பு, எல்லா வாசலிலும் போர்டு. அடிப்படை வரிசைகளை ஓட்டிவிட்டு ஆறே மாதத்தில் வர்ணம், ஒரு வருடத்தில் மேடையில் ஒரு பாட்டு, அப்பா அம்மா வீடியோ எடுக்க வேண்டும் அல்லவா. மேடையில் தோற்றவர்கள் பிழைப்புக்கு எடுக்கும் வேலைக்குக் குரு என்று பெயர் வைக்காதீர்கள். முசிறியை இதற்குள் இழுக்கவே வேண்டாம்.

---

பத்தமடைப்_பாய் எழுதியது:

விலகிநில் அவர்களே, உங்கள் பதிலைப் படித்துவிட்டு அரை மணி நேரம் எதுவும் எழுதாமல் இருந்தேன். இப்போது எழுதுகிறேன்.

என் அம்மா ரேடியோ ஆர்ட்டிஸ்ட், வானொலி தரவரிசையில் ‘பி ஹை’. கல்யாணத்துக்கு முன் கோயில் உற்சவங்களில், சின்னச் சபாக்களில் பாடிக்கொண்டிருந்தவர். கல்யாணம் ஆனதும் கச்சேரி நின்றது. யாரும் “பாடாதே” என்று சொல்லவில்லை, அப்படிச் சொல்லியிருந்தால்கூடச் சண்டை போட்டிருக்கலாம். ராத்திரி ஒன்பதரைக்குக் கச்சேரி முடிந்து வந்தால் யார் அடுப்பு பார்ப்பது, அவ்வளவுதான். வருடத்தில் இரண்டு மூன்று முறை ரேடியோவில் காலை நேரம் பாடுவார். அதற்கு ஒரு பட்டுப்புடவை கட்டிக்கொண்டு போவார். ரேடியோவில் யார் புடவையைப் பார்க்கப் போகிறார்கள் என்று அப்பா சிரிப்பார்.

முப்பது வருடம் கூடத்தில் பாய் விரித்துச் சொல்லிக்கொடுத்தார். காலை ஆறு மணிக்கு ஒரு கூட்டம், சாயங்காலம் ஐந்துக்கு ஒரு கூட்டம். நாங்கள் அந்தப் பாயைத் தாண்டித்தான் பள்ளிக்கூடம் போவோம். ஒரு பெண்ணுக்கு பைரவி அடதாள வர்ணத்தை மட்டும் எட்டு மாதம் சொல்லிக்கொடுத்தார். அந்தப் பெண்ணின் அம்மா “எப்போ மாமி கீர்த்தனைக்குப் போவேள்” என்று கேட்கும்போதெல்லாம் “போகலாம், ரெயில் இன்னும் ஸ்டேஷனிலேயே இருக்கு” என்பார். அம்மா தோற்றவரா? எனக்கு அப்படிச் சொல்லத் தெரியவில்லை. மேடைக்குப் போகும் வழி மூடியிருந்தது, வேறு வழியில் போனார். நம் ஊரில் கர்நாடக சங்கீதம் வீட்டுக்குள் நடமாடியதே இந்த மாதிரி மாமிகளால்தான். அவர்கள் பெயர் எந்த நிகழ்ச்சி நிரலிலும் இருக்காது.

---

விலகிநில் எழுதியது:

உங்கள் அம்மாவைப் பற்றி நான் சொல்லவில்லை, மன்னிக்கவும். ஆறு மாதத்தில் வர்ணம் போடுபவர்களைப் பற்றிச் சொன்னேன். அதை மாற்றிக்கொள்ளப் போவதில்லை.

---

தெப்பக்குளம் எழுதியது:

‘விட்டுவிட்டுப் போவது’ என்ற பேச்சே கொஞ்சம் தப்பு என்று படுகிறது. பெரியவர்களில் பலர் இரண்டையும் சேர்த்துத்தான் வைத்திருந்தார்கள், ஆளுக்கு ஆள் விகிதம்தான் வேறு.

செம்மங்குடி சீனிவாச ஐயர் திருவனந்தபுரத்தில் சுவாதித் திருநாள் இசைக் கல்லூரிக்கு முதல்வர். முத்தையா பாகவதர் 1939-இல் ஆரம்பித்துவைத்த கல்லூரி, அவருக்குப் பின் இவர், 1963 வரை. அதே காலத்தில் கச்சேரியிலும் அவர்தான் முன் வரிசை. காலையில் கல்லூரி நிர்வாகம், சனி ஞாயிறு ரயிலேறிக் கச்சேரி. தொண்ணூறு தாண்டியும் பாடியவர். எல்லோருக்கும் அந்த உடம்பு வாய்க்காது.

எம். டி. ராமநாதன் வேறு மாதிரி. டைகர் வரதாச்சாரியாரிடம் படிக்க பாலக்காட்டுப் பக்கத்திலிருந்து கலாக்ஷேத்திரத்துக்கு வந்தார், அங்கேயே ஆசிரியரானார். அவருடைய விளம்ப காலம், அந்த நிதானமான வேகம், அன்றைக்கு எல்லோருக்கும் பிடிக்கவில்லை, பாதிக் கச்சேரியில் எழுந்து போனவர்கள் உண்டு. சம்பளம் என்று ஒன்று வந்துகொண்டிருந்ததால்தான் சபாக்காரர்களுக்காகக் காலத்தைத் தூக்க வேண்டிய அவசியம் அவருக்கு இல்லாமல் போனது என்று நான் நினைத்துக்கொள்வேன். இது என் யூகம்தான். ஆனால் வேலை ஒருவருடைய பாட்டைக் காப்பாற்றிக் கொடுக்கும் என்பதை நிறையப் பேர் யோசிப்பதில்லை.

அப்புறம் பிருந்தா அம்மா. வீணை தனம்மாளின் பேத்தி. மத்தியக் கல்லூரியில் ஆசிரியர். கூட்டத்துக்காகப் பாட்டில் ஒரு சங்கதியைக்கூட மாற்றாதவர். அவரிடம் பதம் பாடம் கேட்டவர்களில் செம்மங்குடி உண்டு, எம். எஸ். உண்டு, ராம்நாட் கிருஷ்ணன் உண்டு. கச்சேரிக் கணக்கில் பார்த்தால் பிருந்தாவை இவர்கள் எல்லோரும் தாண்டிவிடுவார்கள். ஆனால் பாடம் வேண்டும் என்றால் அங்கேதான் போய் உட்கார வேண்டியிருந்தது.

தண்டபாணி தேசிகரை மறந்துவிட்டேன் பாருங்கள். 1942-இல் ‘நந்தனார்’ படத்தில் ஊரே அவரைப் பார்த்தது. அப்புறம் சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழக இசைத்துறையில் போய் உட்கார்ந்தார். சினிமாவில் முகம் தெரிந்த ஒருவர் பையன்களுக்குத் தேவாரப் பண் சொல்லிக்கொடுக்கப் போனதை அன்றைக்கு யாரும் வீழ்ச்சி என்று எழுதியதாக நான் படிக்கவில்லை.

அகாடமியே 1928-இல் ஆரம்பித்தது, ஆசிரியர்களுக்கென்று சங்கீத கலா ஆசார்யா விருது 1993-இல்தான் வந்தது. இடையில் 65 வருடம். மேடைக்கும் பாய்க்கும் நம் ஆட்கள் வைத்திருந்த இடைவெளி அதுதான்.

---

மாம்பலம்_பெஞ்சு எழுதியது:

கடைசி வரிக்கு ஒரு ஷொட்டு.

---

குழல்_விளக்கு எழுதியது:

நான் ஒன்பது வருடத்துக்கு முன் இதே முடிவை எடுத்தவன், வாய்ப்பாட்டு. வரலாறு தெப்பக்குளம் சாருக்குத் தெரிந்த அளவு எனக்குத் தெரியாது, வகுப்பைப் பற்றிச் சொல்கிறேன். இது கொஞ்சம் நீளும்.

மேடம், உங்களுக்கு முதலில் அதிர்ச்சியாக இருக்கப் போவது, நீங்கள் பாடுவது என்ன என்று உங்களுக்கே தெரியாது என்பதுதான். எனக்கு அது ஒரு பதிமூன்று வயதுப் பெண்ணால் தெரிந்தது. தோடி ராகம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். காந்தாரம், அதாவது ‘க’, அவளுக்கு வரவில்லை. நான் பாடுகிறேன், அவள் பாடுகிறாள், நான் “இல்லை, இப்படி” என்கிறேன், மறுபடி பாடுகிறேன். பத்து நிமிடம் இதே. அவள் பொறுமையாகக் கேட்டாள், “சார், நீங்க எங்கேருந்து ஆரம்பிக்கறீங்க?” எனக்குப் பதில் தெரியவில்லை. இருபது வருடமாகத் தோடி பாடுகிறேன், அகாடமியில் மதியக் கச்சேரியில் தோடி மெயின் பாடியிருக்கிறேன், எங்கே ஆரம்பிக்கிறேன் என்று தெரியவில்லை.

ராத்திரி போனில் பதிவு செய்து பாதி வேகத்தில் ஓடவிட்டேன். காந்தாரம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்த இடத்தில் குரல் நிற்கவே இல்லை. ரிஷபத்துப் பக்கம் இருந்து கிளம்பி மத்தியமத்தைத் தொட்டுவிட்டுத் திரும்புகிறது, திரும்பியதும் மறுபடி போகிறது. காந்தாரம் என்ற ஸ்தானத்தில் அது தங்கியதே கிடையாது, தாண்டித் தாண்டிப் போகிறது. மறுநாள் அந்தப் பெண்ணிடம் “ரி-யில் இருந்து ம-வுக்கு மெதுவாக ஊஞ்சல் ஆடு, நடுவில் எங்கேயும் நிற்காதே” என்றேன். நாலாவது ஊஞ்சலில் வந்துவிட்டது. அவள் அம்மா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தார்.

என் குரு இப்படிச் சொன்னதே இல்லை. அவர் பாடுவார், நான் பாடுவேன், தப்பாக இருந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். எனக்கு அதுவே போதும், ஏனென்றால் நான் நாள் முழுக்க அவர் வீட்டில் கிடந்தேன், பாதிப் பாடம் அவர் குளிக்கும்போது முனகியதைக் கேட்டு வந்தது. வாரத்துக்கு இரண்டு நாள், முக்கால் மணி நேரம், ஹோம்வொர்க்குக்கும் டியூஷனுக்கும் நடுவில் வருகிற குழந்தைக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டால் அது அடுத்த வாரம் கீபோர்டு வகுப்புக்குப் போய்விடும்.

இன்னொன்று. கச்சேரிப் பாடகர்கள் வகுப்பில் செய்கிற பெரிய தப்பு, பாடிக் காட்டிக்கொண்டே இருப்பது. குழந்தை ஒரு வரி பாடும், நாம் ஆறு சங்கதி போடுவோம். அது நமக்கு ஒரு குட்டிக் கச்சேரி, அந்தக் குழந்தை முன்வரிசை ரசிகர். முதல் ஒரு வருடம் நான் அப்படித்தான் இருந்தேன், வெட்கமாக இருக்கிறது. இப்போது என் மேஜையில் ஒரு கடிகாரம் வைத்திருக்கிறேன், வகுப்பில் நான் வாய் திறக்கிற நேரம் பாதிக்கு மேல் போகக் கூடாது என்று எனக்கு நானே விதி. பல நாள் அதை மீறுகிறேன்.

முதல் பாடமான சரளி வரிசையை லேசாக எண்ணாதீர்கள். புரந்தரதாசர் வகுத்தது என்று சொல்லிவிட்டு எல்லோரும் வேகமாகத் தாண்டிவிடுகிறார்கள். அதற்கு ஏன் மாயாமாளவகௌளை ராகம் என்று ஒரு நாள் உட்கார்ந்து பாருங்கள். ஸ-ரி-க-ம எப்படி இடைவெளி விட்டுப் போகிறதோ, அதே இடைவெளியில்தான் ப-த-நி-ஸ. கீழ்ப் பாதியைக் காது பிடித்துவிட்டால் மேல்பாதி தானாக வரும். ஸ-வுக்கும் ரி-க்கும் நடுவில் அரை இடம், ரி-க்கும் க-வுக்கும் நடுவில் பெரிய தாவல். ரொம்பக் கிட்ட, ரொம்பத் தூரம் இரண்டும் முதல் நாளே பழக்கமாகிவிடுகிறது. என் வகுப்பில் சேருகிற பிள்ளைகளில் முக்கால்வாசிக்கு அந்த ரி கொஞ்சம் மேலே ஏறித்தான் நிற்கும், அதைக் கீழே இறக்கிச் சட்ஜத்துக்குப் பக்கத்தில் உட்கார வைக்கவே ஒரு மாதம் ஆகும். ஆறு மாதத்தில் வர்ணத்துக்குப் போகிறவர்கள் இந்த ஒரு மாதத்தைத்தான் திருடுகிறார்கள். அந்த விஷயத்தில் நான் விலகிநில் கட்சி.

---

விலகிநில் எழுதியது:

ஒருவராவது சேர்ந்தீர்களே.

---

அக்கரைப்_பச்சை எழுதியது:

இருபத்தைந்து மாணவர்களில் பத்தொன்பது பேர் ஆன்லைன், அதில் பாதி அமெரிக்கா. காலை ஐந்தே முக்காலுக்கு முதல் வகுப்பு, அவர்களுக்கு அது முந்தின நாள் சாயங்காலம். வருமானம் என்று பார்த்தால் கச்சேரியில் நான் கனவில்கூடக் காணாதது, மறைக்கப் போவதில்லை. ஆனால் இரண்டு விஷயம் தெரிந்துகொண்டு இறங்குங்கள்.

ஒன்று, சேர்ந்து பாட முடியாது. என் குரல் அங்கே போய்ச் சேர ஒரு கணம், அவர்கள் குரல் இங்கே வர இன்னொரு கணம். நான் தாளம் போட்டு அவர்கள் பாடினால் ஒரு எண்ணிக்கை தள்ளி வருகிறது, குழந்தை சரியாகப் பாடியும் நான் “தாளம் போச்சு” என்று திட்டியிருக்கிறேன். இப்போது தாளம் போடுவது அவர்கள் வேலை, நான் கையைக் கட்டிக்கொண்டு கேட்பேன். ஒரு விதத்தில் நல்லது, ஆசிரியரின் தாளத்தில் தொற்றிக்கொண்டு வருகிற பழக்கம் அவர்களுக்கு வருவதே இல்லை.

இரண்டு, ஜூமில் ஒரிஜினல் சவுண்ட் என்று ஒரு அமைப்பு இருக்கும், அதைப் போடச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் தம்புராவை அந்த மென்பொருள் மின்விசிறிச் சத்தம் என்று நினைத்துத் துடைத்து எடுத்துவிடும். மூன்று மாதம் ஒரு பையன் சுருதியே இல்லாமல் பாடுகிறான் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன், அவன் வீட்டில் சுருதிப் பெட்டி ஓடிக்கொண்டுதான் இருந்தது.

---

சன்னதித்_தெரு எழுதியது:

எல்லோரும் சென்னை, அமெரிக்கா என்றே பேசுகிறீர்கள். நான் மாவட்ட அரசு இசைப்பள்ளியில் வேலை பார்க்கிறேன், தமிழ்நாட்டில் இந்த மாதிரி 17 பள்ளி இருக்கிறது. மூன்று வருடப் படிப்பு. குரலிசை, நாதஸ்வரம், தவில், தேவாரம், பரதநாட்டியம், வயலின், மிருதங்கம். இங்கே வருகிற பிள்ளைகள் வீட்டில் சங்கீதமே கிடையாது, அல்லது தவில்காரர் வீட்டுப் பிள்ளையாக இருக்கும். சபா என்றால் என்ன என்றே தெரியாத ஒரு பெண், அப்பா லோடு வண்டி ஓட்டுகிறார், காலை பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம் வந்து, ஹாலில் எல்லோருக்கும் முன்னால் உட்கார்ந்து தம்புரா போட்டு வைத்திருக்கும். அதற்கு மெட்ராஸ் உச்சரிப்பு வராது, ஆனால் தேவாரத்தில் சொல் ஒவ்வொன்றும் கல்வெட்டு மாதிரி விழும்.

நானும் கச்சேரி பண்ண வேண்டும் என்று ஆரம்பித்தவன்தான். இப்போது வருடத்தில் ஒன்று, எங்கள் ஊர்க் கோயிலில். மேடம் பள்ளி வேலைக்குப் போவதானால் ஒன்று மட்டும் முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள்: ஆண்டு விழாப் பாட்டு, காலை இறைவணக்கம், யாராவது மந்திரி வந்தால் வரவேற்புப் பாட்டு, இதெல்லாம் உங்கள் தலையில்தான் விழும். ஒரு தனியார் பள்ளியில் நான் இருந்தபோது வருடத்தில் நாலு மாதம் விழாவுக்கே போய்விடும், பாடம் எங்கே நடத்துவது. நாற்பது பிள்ளைகளை ஒரே அறையில் உட்கார வைத்து ஸ்வரம் சொல்லச் சொன்னால் அது ஸ்வரம் இல்லை, சந்தை.

நொட்டேஷன் பற்றி யாரும் பேசவில்லை. எங்கள் பிள்ளைகளுக்கு வீட்டில் சொல்லித் திருத்த ஆள் இல்லை, அதனால் புத்தகம் வேண்டும். புத்தகத்தைப் பார்த்துப் பாடுவது பாட்டா என்று பெரியவர்கள் கேலி செய்கிறார்கள். 1904-லேயே எட்டயபுரத்தில் சுப்பராம தீட்சிதர் கமகத்துக்கெல்லாம், ஸ்வரத்தை அசைக்கும் விதத்துக்கெல்லாம், தனித்தனிக் குறி போட்டு அச்சிட்டு வைத்துவிட்டுப் போயிருக்கிறார். அவருக்கு இல்லாத கௌரவக் குறைச்சல் நமக்கு எதற்கு?

---

குழல்_விளக்கு எழுதியது:

சன்னதித்_தெரு சொன்னதில் ஒன்றே ஒன்று சேர்க்கிறேன். புத்தகம் வேண்டும், ஆனால் பாட்டு பாடமான பிறகு மூடி வைக்கச் சொல்லுங்கள். கண் திறந்திருந்தால் காது தூங்கிவிடுகிறது.

---

கட்டை_ஐந்தரை எழுதியது:

இத்தனை பேர் இவ்வளவு எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை. விலகிநில் எழுதியதும் சேர்த்துத்தான், அதைப் படித்துவிட்டுத்தான் அன்றைக்கு இரவு தூக்கம் வரவில்லை. ஆறு மாதத்தில் வர்ணம் போட்டவர்கள் பட்டியலில் நானும் ஒருவருக்கு அப்படிச் செய்திருக்கிறேன். ஒரு பிறந்தநாளுக்குப் பாட வேண்டும் என்றார்கள், ஒப்புக்கொண்டேன். இப்போது அந்தக் குழந்தையை மறுபடி ஆரம்பப் பாடமான ஜண்டை வரிசைக்குக் கூட்டிப் போகிறேன், அது என்னை விரோதி மாதிரி பார்க்கிறது.

பள்ளி வேலை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். வரவேற்புப் பாட்டு பற்றிக் கேட்டேன், அவர்கள் முகத்திலேயே பதில் இருந்தது. வீட்டு வகுப்பை வைத்துக்கொள்கிறேன். சபாக்களுக்கு இந்த வருடம் விண்ணப்பம் போடவில்லை. ரேடியோவை விடவில்லை. பத்தமடைப்_பாய் அவர்களே, உங்கள் அம்மாவின் பட்டுப்புடவையை நினைத்துக்கொண்டே சென்ற வாரம் ரெக்கார்டிங்குக்கு நானும் ஒன்று கட்டிக்கொண்டு போனேன். உள்ளே உட்கார்ந்திருக்கிற அந்த ஆள் அன்றைக்கு வரவில்லை, அல்லது வந்து சும்மா இருந்தார்.

இப்போது வேறு ஒரு சிக்கல். என்னிடம் ஒரு பையன், பதினான்கு வயது, நல்ல ஞானம். மகரக்கட்டு ஆரம்பித்துவிட்டது. மூன்று மாதம் முன்பு வரை என் ஐந்தரைக் கட்டைச் சுருதியில் என்னோடு கூடவே பாடிக்கொண்டிருந்தான். இப்போது மேலே போனால் குரல் இரண்டாக உடைகிறது, கீழே போனால் காற்று. வகுப்பில் மற்றப் பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள், இரண்டு வாரமாக வரவில்லை. அவன் அப்பா “குரல் சரியானதும் அனுப்புகிறேன்” என்கிறார். நிறுத்தச் சொல்வதா, தொடரச் சொல்வதா? என் குருவும் பெண், எனக்கு இதில் பழக்கமே இல்லை.

---

குழல்_விளக்கு எழுதியது:

நிறுத்தாதீர்கள். இதில் நிறுத்தின பையன்களில் பாதிப் பேர் திரும்பி வந்ததே இல்லை, என் செட்டில் நாலு பேரில் மூன்று பேர் கிரிக்கெட்டுக்குப் போய்விட்டோம், நான் எப்படியோ திரும்பி வந்தேன்.

தனி வகுப்பாக வையுங்கள், யார் முன்னாலும் வேண்டாம். ஐந்தரையை மறந்துவிடச் சொல்லுங்கள். தினமும் வந்தவுடன் அவனை வெறுமனே பேசச் சொல்லுங்கள், பேசுகிற குரல் எங்கே இருக்கிறதோ அதற்குக் கிட்டத்தில் சட்ஜம் வையுங்கள். இப்போது இரண்டரையாக இருக்கும், தை மாதம் பார்த்தால் ஒன்றரைக்கு இறங்கியிருக்கும், அதன் பின்னால் ஓடாமல் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை சரிபார்த்தால் போதும். மேல் ஸ்தாயி கிடையாது, உரக்க ‘ஆ’ என்று பாடும் அகாரம் கிடையாது. மந்திர ஸ்தாயியில், அதாவது கீழே, பஞ்சமம் வரை மெதுவாக, தினம் கால் மணி நேரம். மீதி நேரத்துக்குத் தாளம். பல்லவிக் கணக்கெல்லாம் அவனுக்கு இப்போதுதான் சொல்லிக்கொடுக்க வேண்டும், இந்த வயதில் அது வெறியாகப் பிடித்துக்கொள்ளும்.

---

மாம்பலம்_பெஞ்சு எழுதியது:

அவன் ஒன்றரையில் வந்து நின்றால் மேடத்துக்கு ஒரு சௌகரியம் இருக்கிறது. உங்கள் ஐந்தரையில் மேல் மத்தியமம் எதுவோ, அதுதான் அவன் ஒன்றரையில் மேல் சட்ஜம், நீங்கள் ஒரு ஸ்தாயி தள்ளிப் பாடும்போது. சுருதிப் பெட்டியை ஒன்றரையில் வைத்து, அவனுக்கு ஒரு ஸ்தாயி மேலே நீங்கள் பாடிக் காட்டலாம். அவனுக்கு மேல் ரிஷபத்தைத் தாண்டிப் போகிற பாட்டுகளை இப்போதைக்கு எடுக்காதீர்கள், அவன் தொண்டைக்கும் ஆகாது, முடிச்சு கரைந்த உங்கள் தொண்டைக்கும் ஆகாது. அப்படிப் போகிற இடம் வந்தே தீரும் என்றால் அதை வயலினில் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். மாம்பலத்தில் மாலை நாலு மணிக்கு மேல் எனக்கு வேலை ஒன்றும் இல்லை.

---

கட்டை_ஐந்தரை எழுதியது:

சார், செவ்வாய்க்கிழமை வர முடியுமா? பையனிடம் போனில் பேசினேன். “பாட வேண்டாம், சும்மா தாளம் போட வா” என்றேன். கொஞ்ச நேரம் பதிலே இல்லை, அப்புறம் அந்த உடைந்த குரலில் “எந்தத் தாளம் மிஸ்?” என்று கேட்டான். கண்ட ஜாதி திரிபுடை என்றேன். ஒன்பது எண்ணிக்கையா என்று உடனே கேட்டுவிட்டு, வருகிறேன் என்று வைத்துவிட்டான்.